முத்திரையும் தாயத்தும்: கிரேக்க–எகிப்திய மந்திரக் கற்கள் பற்றிய ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கல். கருமையும் பளபளப்பும் கொண்ட ஹேமடைட் என்னும் இரும்புக்கல். அதன் ஒரு பக்கத்தில், குதிரைமீது அமர்ந்த வீரன் ஒருவன் கீழே வீழ்ந்து கிடக்கும் பெண்ணுருவின்மீது ஈட்டியைப் பாய்ச்சுகிறான். அவனைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகளில் 'சொலொமோன்' என்னும் பெயர். கல்லைத் திருப்பினால் 'இறைவனின் முத்திரை' என்னும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள். ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதிகளில் மகப்பேற்றின் ஆபத்துகளிலிருந்தும் பச்சிளம் குழந்தைகளைக் கொல்லும் பேயிடமிருந்தும் காத்துக்கொள்ள மக்கள் அணிந்த கல் இது. இதே அமைப்பில் செதுக்கப்பட்ட கற்கள் பல இன்று மேலை நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன.

சுலைமான் (அலை) அவர்களின் பெயரைத் தாங்கிய இக்கல்லைக் காணும் முஸ்லிம் வாசகர் ஒருவர் அதை வேற்று நாட்டு விந்தைப் பொருளாக எண்ணிக் கடந்து சென்றுவிட முடியாது. நமக்குத் தெரிந்த ஒரு பெயர் அதில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஓர் அச்சமும் அதில் இருக்கிறது. இத்தகைய கற்களைக் குறித்து மேலை அறிஞர்கள் மூன்றரை நூற்றாண்டுகளாக எழுதி வந்திருப்பவற்றை நாம் எவ்வாறு படிப்பது, அவர்கள் விட்டுச்சென்ற கேள்வி எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் அதன் அடையாளமும்

ஆய்வாளர்கள் 'மந்திரக் கற்கள்' என அழைக்கும் இவை பெரும்பாலும் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. ஜாஸ்பர், ஹேமடைட், சூதுபவளம் முதலிய கற்களில் எகிப்தியத் தெய்வ உருவங்களும் கிரேக்க எழுத்துகளும் யூத மரபிலிருந்து எடுக்கப்பட்ட திருநாமங்களும் அருகருகே செதுக்கப்பட்டிருக்கும். தாமரை மலர்மீது அமர்ந்து வாயில் விரல் வைத்த குழந்தைத் தெய்வமான ஹார்போக்ரேட்டீஸ், நரித்தலை அனுபிஸ், தன் வாலைத் தானே கவ்விய பாம்பு, கதிர்கள் சூழ்ந்த சிங்கத் தலையும் பாம்புடலும் கொண்ட க்னூபிஸ் ஆகியவை அடிக்கடி காணப்படும் உருவங்கள். சேவல் தலையும் ரோமப் படைவீரனின் மார்புக்கவசமும் பாம்புக் கால்களும் கொண்டு, ஒரு கையில் சாட்டையும் மறு கையில் கேடயமும் ஏந்திய விசித்திர உருவம் ஒன்றும் உண்டு. அதன் கேடயத்தில் பல வேளைகளில் 'இயாஓ' என எழுதப்பட்டிருக்கும். யூதர்கள் வாயால் உச்சரிக்கவும் அஞ்சிய இறைநாமத்தின் கிரேக்க வடிவம் அது.

இக்கற்களை ஏனைய செதுக்குக் கற்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்றுண்டு. முத்திரையிடும் மோதிரக் கல்லில் எழுத்துகள் இடவலம் மாறிச் செதுக்கப்படும். மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தும்போதுதான் அவை நேராகத் தெரியும். மந்திரக் கற்களிலோ எழுத்துகள் பொதுவாகக் கல்லின்மீதே நேராக அமைந்துள்ளன. பல கற்களில் இரு பக்கங்களிலும், சிலவற்றில் விளிம்பிலுங்கூட எழுத்துகள் உள்ளன. எனவே இவை எதன்மீதும் அழுத்துவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது தெளிவு. முத்திரை பிறர் படிப்பதற்கானது. ஒருவருடைய சொல்லுக்குச் சாட்சி கூறுவது. மந்திரக்கல் அணிந்தவரின் உடலோடு ஒட்டிக் கிடப்பது. தன்னிடமே ஓர் ஆற்றல் இருப்பதாக உரிமை கொண்டாடுவது. மேலே கூறிய சுலைமான் கல் தன்னை 'முத்திரை' என்று அழைத்துக்கொள்கிறது. ஆயினும் அது எதையும் முத்திரையிடுவதில்லை. இம்முரண்பாட்டை நாம் நினைவிற் கொள்வது நல்லது.

'ஞானவாதிகள்' என்னும் பிழை

1657ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் நகரில் மக்காரியஸ் என்பாரின் நூலொன்றை ஜான் ஷிஃப்லே பதிப்பித்தார். அபிராக்சஸ் என்னும் பெயரைத் தலைப்பிலே தாங்கிய அந்நூலோடு இக்கற்களைப் பற்றிய அச்சு நூல்களின் வரலாறு வேகம் பெறுகிறது. அபிராக்சஸ் என்பது இக்கற்களில் மிகுதியாகக் காணப்படும் பெயர். அதன் ஏழு கிரேக்க எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் 365 வரும். ஓர் ஆண்டின் நாள்கள். 2ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாசிலிடீஸ் என்பவரைப் பின்பற்றியோர் 365 வானங்களின் தலைவனுக்கு இப்பெயரைச் சூட்டினர் எனத் திருச்சபைத் தந்தை இரேனியஸ் எழுதியிருந்தார். இந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு, சேவல் தலைக் கற்கள் யாவும் வழிதவறிய கிறிஸ்தவப் பிரிவினரான ஞானவாதிகளின் எச்சங்கள் என்னும் முடிவுக்கு வந்தனர். 1864இல் சார்ல்ஸ் வில்லியம் கிங் வெளியிட்ட நூல் இக்கருத்தை ஆங்கில வாசகரிடையே வேரூன்றச் செய்தது.

இப்பிழை சிந்திக்கத்தக்கது. ஒரு பெயர் ஒரு சமயப் பிரிவினரிடம் வழங்கியது என்பதற்காக, அப்பெயர் தென்படும் இடமெல்லாம் அப்பிரிவினர் இருந்தனர் எனக் கூற இயலுமா? சுலைமான் (அலை) பெயரைப் பொறித்த கல்லை அணிந்தவரெல்லாம் யூதர்கள் ஆகிவிடுவார்களா? பெயர்கள் சந்தைப் பொருள்களைப் போல எல்லை கடந்து செல்பவை. மந்திரம் செய்வோன் நம்பிக்கையின் எல்லைகளைப் பார்ப்பதில்லை. 'பலிக்கும்' எனக் கேள்விப்பட்ட பெயரையெல்லாம் எடுத்துக்கொள்கிறான். தெய்வ உருவத்துக்கு அருகிலேயே மீக்காயீல், ஜிப்ரீல் என்னும் வானவர் பெயர்களை இக்கற்களில் காண்பது இதனால்தான்.

நோயாளியைக் கண்ட ஆய்வு

இந்நெடுங்காலப் பிழையைத் திருத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த காம்பெல் பானர் (1876–1954). 1950இல் வெளிவந்த அவருடைய 'மந்திரத் தாயத்துகள் பற்றிய ஆய்வுகள்' என்னும் நூல் இன்றளவும் இத்துறையின் அடித்தளமாக விளங்குகிறது. புடாபெஸ்ட் நகரின் நுண்கலை அருங்காட்சியகம் 2010இல் தொடங்கிய மந்திரக் கற்களின் மின்தரவுத்தளத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருப்பது பொருத்தமே.

பானரின் பெருமை எதில் இருக்கிறது? 'இக்கல் எந்தச் சமயத்தாருடையது?' என்று மட்டுமே அவருக்கு முன்னிருந்தோர் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர் 'இக்கல்லை அணிந்தவருக்கு என்ன நோய்?' என்று கேட்டார். உடனே கற்கள் பேசத் தொடங்கின. ஒருவன் குனிந்து கதிர் அறுக்கிறான்; பின்புறத்தில் இடுப்பு நோயைக் குறிக்கும் ஒரு சொல். நாளெல்லாம் குனிந்து உழைத்தவனின் வலிக்கு உரிய கல் அது. நாரையையொத்த ஐபிஸ் பறவை ஒரு பலிபீடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதன் அருகே 'செரிப்பாயாக' என்னும் ஏவல். வயிற்றுக்கு இடப்பட்ட கட்டளை அது. ஹெர்க்குலீஸ் சிங்கத்தின் கழுத்தை நெரிக்கும் உருவம் வயிற்று வலிக்கு உரியது. 6ஆம் நூற்றாண்டு மருத்துவரான டிராலஸ் நகர் அலெக்சாண்டர் இதே உருவத்தைக் கல்லில் செதுக்கிப் பொன் மோதிரத்தில் பதித்து அணியுமாறு தம் மருத்துவ நூலில் எழுதியிருக்கிறார். மஞ்சள் நிற ஜாஸ்பரில் தேளின் உருவம் தேள்கடிக்கு. ஹேமடைட் கல்லை நீர்விட்டு உரைத்தால் குருதி நிறம் கசியும். அதன் பெயரே குருதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே அது குருதிப்போக்கைத் தடுக்கும் கல்லாயிற்று.

இவற்றுள் நெஞ்சைத் தொடுபவை கருப்பையைக் குறிக்கும் கற்கள். கவிழ்த்து வைத்த குடுவை போன்ற ஓர் உருவமும் அதன் கீழே ஒரு திறவுகோலும் அவற்றில் காணப்படுகின்றன. கருவைத் தாங்க மூடிக்கொள்ளவும், பேற்றுக் காலத்தில் திறந்துகொள்ளவும் வேண்டி அணியப்பட்டவை அவை. மகப்பேறு உயிருக்கு ஆபத்தாக இருந்த உலகில், முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் நடுக்கம் அந்தத் திறவுகோலில் உறைந்து கிடக்கிறது. இக்கற்களை அணிந்தவர்களை 'மூடர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது அறிவுடைமையும் ஆகாது, இரக்கமும் ஆகாது. பானர் அவ்வாறு ஒதுக்கவில்லை என்பது அவருடைய நூலின் பண்பு.

பானருக்குப் பின், பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள கற்களுக்குத் தெலாத், தெர்ஷேன் ஆகியோர் 1964இலும், பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள கற்களுக்குச் சிமோனே மிஷெல் 2001இலும் விரிவான பட்டியல்களை வெளியிட்டனர். தெலாத்தும் தெர்ஷேனும் கற்களை உருவ வகைகளின்படி வரிசைப்படுத்தினர். அது தேடுவோருக்கு வசதியான முறை. ஆனால் அம்முறையில் தெய்வங்களின் அணிவகுப்பு முன்னே நிற்கிறது, நோயாளி மறைந்துவிடுகிறார். இவ்வகையில் பானரின் வழியே ஆழமானது எனலாம்.

ஆய்வுகளின் குறைகள்

ஆயினும் பானரின் ஆய்விலும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளிலும் இரண்டு குறைகளைச் சுட்ட வேண்டியிருக்கிறது. முதலாவது, இத்துறையின் அடிப்படைக் குறை. இக்கற்களுள் மிகப் பெரும்பாலானவை அகழாய்வில் கிடைத்தவை அல்ல, வணிகர்களிடமிருந்து வாங்கப்பட்டவை. எந்த வீட்டில், எந்தக் கல்லறையில், யாருடைய கழுத்தில் இருந்தன என்னும் செய்தி இல்லாமற் போயிற்று. கல்லின் எழுத்தைப் படிக்க முடிகிறது. அதை அணிந்தவரின் வாழ்வைப் படிக்க முடிவதில்லை. ஆய்வாளர்களை மட்டும் இதற்குப் பொறுப்பாக்க முடியாது. எனினும் தொல்பொருளை அதன் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து விற்கும் வணிகம் அறிவுக்கு இழைக்கும் தீங்குக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது குறை கருத்து சார்ந்தது. 'மந்திரம்' என்னும் சொல்லை முந்தைய தலைமுறை தயக்கமின்றிப் பயன்படுத்தியது. அண்மைக்கால ஆய்வாளர் சிலரோ, சமயத்துக்கும் மந்திரத்துக்கும் உண்மையான வேறுபாடே இல்லை, அதிகாரம் உடையோரின் வழிபாடு 'சமயம்' எனவும் எளியோரின் வழிபாடு 'மந்திரம்' எனவும் பெயர் பெறுகிறது என வாதிடுகின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. யார் அணிகிறார் என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்கப்படுகிறது, எவ்வாறு கேட்கப்படுகிறது என்று நோக்கினால் வேறுபாடு புலப்படும். சில கற்களில் 'காப்பாயாக', 'உதவுவாயாக' என்னும் சொற்கள் உள்ளன. அவற்றில் வேண்டுதலின் சாயல் இருக்கிறது. வேறு பலவற்றிலோ இறைவனின் பெயர் ஒரு கருவியாகிவிடுகிறது. பெயரைச் சரியாக எழுதினால், சரியான கல்லில் எழுதினால், பெயருக்குரியவன் பணிந்தே தீரவேண்டும் என்னும் துணிவு அவற்றில் தெரிகிறது. வேண்டுபவன் தன்னை அடியானாக உணர்கிறான். ஏவுபவன் தன்னை உரிமையாளனாகக் கருதுகிறான்.

இதற்கு மற்றுமொரு சான்று உண்டு. 'சியூஸ் சராபிஸ் ஒருவனே' என்னும் முழக்கம் இக்கற்களில் பரவலாகக் காணப்படுகிறது. 'ஒருவன்' என்னும் சொல்லைக் கண்டதும் இது ஏகத்துவத்தின் சாயல் என எண்ணத் தோன்றும். ஆனால் அதே கல்லில் வேறு தெய்வங்களும் இடம்பெறத் தடையில்லை. இங்கே 'ஒருவன்' என்பது புகழ்ச்சி முழக்கம். ஏனையோரை மறுக்கும் சாட்சியம் அன்று. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சுலைமான் (அலை) பெயரால்

தொடக்கத்தில் கண்ட கல்லுக்குத் திரும்புவோம். சுலைமான் (அலை) அவர்களுக்கு வானவர் வழியாக ஒரு மோதிரம் வழங்கப்பட்டது, அதைக் கொண்டே பேய்களை அடக்கினார் என்னும் கதை 'சாலமோனின் ஏற்பாடு' என்னும் பழைய கிரேக்க நூலில் விரிகிறது. இக்கதையின் கிளைகள் நம்முடைய தஃப்சீர் நூல்கள் சிலவற்றிலும் நுழைந்தன. மோதிரத்தை ஷைத்தான் கவர்ந்து ஆட்சி செய்தான் என்னும் செய்தியை இஸ்ராயீலியத்துகளில் ஒன்றென இப்னு கஸீர் போன்றோர் எச்சரித்திருக்கின்றனர்.

திருக்குர்ஆனில் அந்த மோதிரம் இல்லை. சுலைமான் (அலை) நிராகரிப்பில் ஈடுபடவில்லை, சூனியத்தைக் கற்பித்தவர்கள் ஷைத்தான்களே என்று 2:102 தெளிவாக அறிவிக்கிறது. 38:35இல் அவர் தமக்கு ஓர் ஆட்சியை வழங்குமாறு தம் இறைவனிடம் கேட்கிறார். அதன் பின்னரே காற்றும் ஜின்களும் வசப்படுத்தப்படுகின்றன. ஜின்கள் பணியாற்றியதும் இறைவனின் அனுமதியால்தான் என 34:12 கூறுகிறது. கேட்டுப் பெற்ற ஆட்சி அது. கல்லின் ஆற்றலால் பறித்தது அன்று. ஹேமடைட் கல்லைச் செதுக்கியவன் இந்தத் துஆவை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு மோதிரத்தை வைத்தான். மேலை ஆய்வுகள் சுலைமான் கற்களை யூதத் தாக்கத்தின் சான்றாகப் பார்த்தன. அப்பார்வை தவறன்று. ஆனால் ஒரு நபியின் வேண்டுதல் ஒரு பொருளின் ஆற்றலாக எவ்வாறு மாறியது என்னும் கேள்வி அதில் எழவில்லை. ஏகத்துவத்தை அறிந்த திறனாய்வாளனே அக்கேள்வியை எழுப்பவேண்டியவன்.

இரு சோதனைகள்

கற்களின் ஆற்றலைச் சோதித்துப் பார்த்தோரும் இருந்தனர். 2ஆம் நூற்றாண்டின் பெருமருத்துவர் காலன் (ஜாலினூஸ்), பச்சை ஜாஸ்பர் வயிற்றுக்கு நலம் பயக்கும் என நம்பினார். அதில் கதிர் சூழ்ந்த பாம்பைச் செதுக்கவேண்டும் என்பது நெக்கெப்சோ என்னும் எகிப்திய அரசரின் பெயரால் வழங்கிய நூலின் விதி. காலன் எவ்வுருவமும் செதுக்காத கற்களைக் கோத்து வயிற்றின் வாய்மீது படுமாறு அணிவித்துப் பார்த்தார். செதுக்கிய கல்லைவிட அவை குறைவாகப் பயனளிக்கவில்லை என்று பதிவு செய்தார். செதுக்கலின் மீதிருந்த நம்பிக்கையை அவர் உதறினார். கல்லின் மீதிருந்த நம்பிக்கையை அவரால் உதற இயலவில்லை.

11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி அடுத்த அடியை எடுத்து வைத்தார். கஸ்னி சுல்தான் மவ்தூதுக்காக எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் மணிக்கல் நூலில், மரகதத்தைக் கண்டால் பாம்பு குருடாகும் என்னும் பரவலான நம்பிக்கையை அவர் ஆராய்கிறார். பாம்பின் உடலில் மரகத மாலையைச் சுற்றியும், அது கிடந்த கூடையில் மரகதத்தைப் பரப்பியும், கண்முன்னே தொங்கவிட்டும், வெப்பக் காலத்திலும் குளிர்காலத்திலுமாக ஒன்பது மாதங்கள் சோதித்தும் பாம்புக்கு ஒன்றும் நேரவில்லை என எழுதினார். நம் மரபில் இத்தகைய தெளிவு இருந்தது. அதே மரபில், கோள்களுக்கு ஏற்பக் கல்லில் உருவம் செதுக்கும் முறைகளைத் தொகுத்த 'காயத்துல் ஹக்கீம்' என்னும் ஆந்தலூசிய நூலும் எழுதப்பட்டது. முன்னதைச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் நாம் பின்னதை மறைப்பது நேர்மையாகாது.

முத்திரை தொலைந்தபோது

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிற நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத எண்ணியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் எனச் சொல்லப்பட்டது. அதனால் வெள்ளியில் ஒரு மோதிரம் செய்விக்கப்பட்டு, 'முஹம்மதுர் ரசூலுல்லாஹ்' என மூன்று வரிகளில் பொறிக்கப்பட்டது. அவர்களுக்குப் பின் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரிடமும், பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களிடமும் இருந்த அம்மோதிரம் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள்கள் தேடியும் கிடைக்கவில்லை என்பது புகாரியில் பதிவான செய்தி. அந்த இழப்பையும் பின்னர் வந்த குழப்பங்களையும் இணைத்து, சுலைமான் (அலை) மோதிரத்தின் இரகசியம் போன்ற ஒன்றை இதிலும் காண முற்பட்டோர் உண்டு. ஆனால் உஸ்மான் (ரலி) அதே வாசகத்தோடு வேறொரு மோதிரம் செய்வித்தார் என்றும் அறிவிப்பு இருக்கிறது. முத்திரை தொலைந்தால் மற்றொன்றைச் செய்துகொள்ளலாம். ஏனெனில் அதன் மதிப்பு அது சாட்சி கூறும் உண்மையில் இருக்கிறது. ஆற்றலைக் கல்லிலேயே வைத்தவனுக்குத்தான் கல் தொலைந்தால் எல்லாம் தொலைந்துவிடும். ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்டபோதே, அது தீங்கோ நன்மையோ செய்ய இயலாத கல் என்று உமர் (ரலி) அறிவித்ததன் பொருளும் இதுவே.

இம்மந்திரக் கற்களைப் படித்துவிட்டு நம் வீதிகளைப் பார்த்தால் சில காட்சிகள் புதிதாகத் தோன்றுவதில்லை. பண்டைய மந்திரச் சுருள்கள் ஒருவரைத் தாயின் பெயரால் அடையாளப்படுத்தின; இன்று தாவீசு எழுதித் தருவோரும் முதலில் தாயின் பெயரையே கேட்கின்றனர். அபிராக்சஸ் 365 ஆனது போல நம்மிடையே பிஸ்மில்லாஹ் 786 ஆகியிருக்கிறது. இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. எழுத்துகளைச் சுருக்கமாகக் குறிக்கும் மரியாதை வேறு, எண்ணிலேயே பலன் இருப்பதாக நம்புவது வேறு. குழந்தையின் கழுத்தில் திருவசனத்தைத் தொங்கவிடலாமா என்பதில் முன்னோரிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது. ஓதத் தெரியாத சிறுவர்களுக்கு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) துஆவை எழுதி அணிவித்தார் என அறிவிப்பு உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கண்டிப்பும் அறியப்பட்டதே. இதில் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் வேலை அன்று.

ஆனால் ஒன்றைக் கூறலாம். பானரின் நூலில் அணிவகுத்து நிற்கும் ஏறத்தாழ 400 கற்களும் அவற்றை அணிந்தோரின் அச்சத்தைத் தாங்கியவை. அந்த அச்சம் நமக்கும் உண்டு. பிள்ளை நோயுற்ற இரவில் எந்தத் தாய்க்கும் உண்டு. அவ்வேளையில் இறைவனின் திருநாமத்தை நாவு வேண்டுதலாகச் சொல்கிறதா, அல்லது கை அதை ஒரு கருவியாகப் பற்றிக்கொள்கிறதா என்பதை அவரவர் நெஞ்சமே அறியும். நெஞ்சங்களில் உள்ளதை அல்லாஹ் மிக அறிந்தவன்.